அஞ்சலை ஸ்டேடியம்

ஒரு சின்ன கேள்வி-பதில் விளையாட்டு. சேப்பாக்கம் கிரிக்கெட் மைதானத்துக்கு யார் பெயர்? எம்.ஏ.சிதம்பரம். தொழிலதிபர், கிரிக்கெட் வாரியத் தலைவராக இருந்தவர். பெரியமேட்டில் கால்பந்து ஆடுகிறார்களே, அந்த ஸ்டேடியம்? ஜவஹர்லால் நேரு. எழும்பூர் ஹாக்கி ஸ்டேடியம்? மேயர் ராதாகிருஷ்ணன். பிரதமர், மேயர், வாரியத் தலைவர்... எல்லாம் பெரிய இடத்துப் பெயர்கள்.

சரி, இதற்குப் பதில் சொல்லுங்கள். கரும்புத் தோட்டத்தில் கூலி வேலை பார்த்த ஒரு தமிழ்ப் பெண்ணின் பெயரைத் தன் கால்பந்து ஸ்டேடியத்துக்குச் சூட்டிய நாடு எது? அந்த நாட்டின் தேசிய அணி, எகிப்தோ செனகலோ வந்தால்கூட எதிர்கொண்டு ஆடுகிற மைதானங்களில் அதுவும் ஒன்று. பெயர், 'ஸ்டாட் அஞ்சலே'. நம் வாய்க்கு வந்தபடி சொன்னால், அஞ்சலை ஸ்டேடியம்.

நாடு, மொரீஷியஸ்.

'அட, தேனிலவுக்குப் போகிற இடமாச்சே! ஹீரோவும் ஹீரோயினும் கடற்கரையில் ஓடிப்பிடித்து டூயட் பாடுகிற இடமாச்சே!' என்கிறீர்களா? அதேதான். நீளம் சுமார் 65 கிலோ மீட்டர், அகலம் 45. ஜனத்தொகை பன்னிரண்டரை லட்சம் சொச்சம். அதாவது, நம் சென்னைக்குள் நாலைந்து மொரீஷியஸைக் குடிவைத்துவிடலாம். ஆனால், கால்பந்து உலகில் அது ஓர் ஆப்பிரிக்க தேசம். ஆப்பிரிக்கக் கோப்பைக்கு மோதுகிற அணி. அந்த அணியின் கதையில் தமிழும் இருக்கிறது, சென்னையும் இருக்கிறது, கொஞ்சம் ரத்தமும் இருக்கிறது.

கதையை ஆரம்பிக்க நாம் மொரீஷியஸ் போகவேண்டியதில்லை. அடையாறு போனால் போதும்.

சாந்தோம் சர்ச்சைத் தாண்டி, பட்டினப்பாக்கம் பக்கமாக அடையாற்றின் முகத்துவாரத்துக்குப் போகிற வழியில் குவிபிள் தீவு என்று ஓர் இடம். இன்றைக்கு அங்கே கல்லறைத் தோட்டம், அடுக்குமாடிகள். தினமும் ஆயிரக்கணக்கான வண்டிகள் பக்கத்தில் பறக்கின்றன. இந்திய சரித்திரத்தையே புரட்டிப்போட்ட ஒரு சண்டை அங்கேதான் நடந்தது என்பது யாருக்கும் ஞாபகம் இல்லை.

1746-ம் வருடம். அப்போது மொரீஷியஸுக்குப் பெயர் 'இல் த ஃபிரான்ஸ்', பிரான்ஸ் தீவு. கவர்னர், மாஹே த லா பூர்தொனே. மகா கெட்டிக்காரர். வெறும் காடாகவும் கரையாகவும் கிடந்த தீவில் துறைமுகம் கட்டினார், ஆஸ்பத்திரி கட்டினார், சாலை போட்டார். இதையெல்லாம் கட்ட ஆள் வேண்டுமே? ஆப்பிரிக்கக் கரையிலிருந்தும் மடகாஸ்கரிலிருந்தும் அடிமைகளைக் கொண்டுவந்தார்கள். கொத்து வேலை, தச்சு வேலை தெரிந்த கைகள் புதுச்சேரிப் பக்கத்திலிருந்து போயின. தலைநகர் போர்ட் லூயியின் ஆரம்பகாலச் சுவர்களில் தமிழ்க் கொத்தனாரின் கரணை பட்டிருக்கிறது.

அந்த லா பூர்தொனே, இங்கிலாந்தும் பிரான்ஸும் ஐரோப்பாவில் அடித்துக்கொண்ட சமயம் பார்த்து, தீவில் கப்பல்களைத் திரட்டிக்கொண்டு சென்னைக்கு வந்தார். கூட வந்த படையில் பிரெஞ்சுச் சிப்பாய்களோடு ஆப்பிரிக்கர்களும் இருந்தார்கள். செப்டம்பர் மாதம். புனித ஜார்ஜ் கோட்டை மேல் குண்டு மழை. சில நாட்களிலேயே வெள்ளைக் கொடி ஏறியது. கோட்டையைத் திருப்பித் தர லா பூர்தொனே பேசிய தொகை 11 லட்சம் வராகன். 'பணத்துக்குக் கோட்டையை விற்பதா?' என்று புதுச்சேரி கவர்னர் டியூப்ளே எகிற, இருவருக்கும் முட்டிக்கொண்டது. நடுவில் அக்டோபர் புயல் வந்து கப்பல்களைச் சிதறடித்தது. லா பூர்தொனே நொந்துபோய்க் கிளம்பிவிட்டார். பிறகு பிரான்ஸில் அவரைப் பாஸ்டில் சிறையில் தள்ளியது தனிக் கதை.

அவர் போனபிறகு ஆற்காட்டு நவாபின் மகன் மாபூஸ்கான் சுமார் பத்தாயிரம் பேரோடு வந்து, அடையாற்றங்கரையில் பிரெஞ்சுக்காரர்களை மறித்தார். எதிரே பாரதி என்ற தளபதியின் கீழ் சுமார் ஆயிரம் பேர். (நம் பாரதி இல்லை, 'Paradis' என்ற பெயரை நம்மவர்கள் அப்படித்தான் உச்சரித்திருப்பார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள்!) வரிசையாக நின்று, மாற்றி மாற்றிச் சுட்டார்கள். நவாப் படை சாந்தோம் தெருக்கள் வழியாகச் சிதறி ஓடியது. பயிற்சி பெற்ற சிறு படை போதும், இந்தியாவின் பெரிய சேனைகளைச் சாய்த்துவிடலாம் என்று ஐரோப்பியர்களுக்குப் புரிந்தது அன்றைக்குத்தான். அந்தப் பாடத்தை நன்றாகப் படித்துக்கொண்டவர்கள் பிரெஞ்சுக்காரர்கள் இல்லை, பிரிட்டிஷார் என்பது வேறு விஷயம்.

1810-ல் அதே பிரிட்டிஷார் மொரீஷியஸையும் பிடித்தார்கள். 1835-ல் அங்கே அடிமை முறை ஒழிந்தது. அடிமைகள் போய்விட்டால் கரும்பு வெட்டுவது யார்? இந்தியாவைத் திரும்பிப் பார்த்தார்கள். 1834 நவம்பரில் 'அட்லஸ்' என்ற கப்பல் கல்கத்தாவிலிருந்து 36 பேரைக் கொண்டுவந்து இறக்கியது. அதுதான் தொடக்கம். அடுத்த முக்கால் நூற்றாண்டுக்கும் மேலாகக் கல்கத்தா, சென்னை, பம்பாய் துறைமுகங்களிலிருந்து சுமார் நாலரை லட்சம் பேர் போனார்கள். ஐந்து வருட ஒப்பந்தம். ஆண்களுக்கு மாதம் ஐந்து ரூபாய் கூலி. அவர்கள் வந்து இறங்கிய இடத்துக்கு இப்போது 'ஆப்ரவாசி காட்' என்று பெயர். 2006-ல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியச் சின்னமாக்கியது.

தென்னாற்காடு, தஞ்சாவூர், திருச்சி என்று எங்கெங்கிருந்தோ கிளம்பியவர்கள் சென்னைக் கரையில் கடைசியாக ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுக் கப்பல் ஏறினார்கள். அங்கே போனதும் குமாஸ்தா காதில் விழுந்தபடி பெயர் எழுதிக்கொண்டான். அப்பன் பெயர் குடும்பப் பெயராகிப் பரம்பரைக்கும் ஒட்டிக்கொண்டது. காலப்போக்கில் நாக்கிலிருந்து தமிழ் போய், கிரியோல் வந்து உட்கார்ந்தது. ஆனால், முருகனை மட்டும் விடவில்லை. தைப்பூசக் காவடி இன்றைக்கும் அங்கே அரசாங்க விடுமுறை. அன்றைக்கு மயிலாப்பூரில் ஆபீஸ் உண்டு, போர்ட் லூயியில் லீவு என்று ரொம்ப வருஷங்கள் இருந்தது. தமிழ்நாட்டில் தைப்பூச விடுமுறையே 2021-ல்தான் வந்தது!

இப்போது அஞ்சலைக்கு வருவோம்.

1943. உலக யுத்தம் உச்சத்தில் இருந்தது. தீவில் சாமான் விலை தாறுமாறு. கூலி மட்டும் அதே கூலி. வடக்கே பெல் வ்யூ ஆரெல் என்ற சர்க்கரைத் தோட்டத்தில் தொழிலாளர்கள் நல்ல கூலி கேட்டு வேலைநிறுத்தம் செய்தார்கள். செப்டம்பர் 27-ம் தேதி, துப்பாக்கியோடு போலீஸ் வந்தது. கூலிகள் குடியிருந்த லயத்துக்குப் பக்கத்திலேயே சுட்டார்கள். நான்கு பேர் உயிர் போனது. அதில் ஒருத்தி, அஞ்சலை கூப்பன். கூப்பன் என்பது 'குப்பன்' என்ற பெயரைப் பிரெஞ்சு எழுத்துகள் மென்று துப்பியதாகத்தான் இருக்கவேண்டும். அப்போது அவள் வயிற்றில் ஒரு குழந்தை.

விசாரணைக் கமிஷன் வைத்தார்கள். அறிக்கை வந்தது. எல்லா ஊரிலும் நடப்பதுதான். ஆனால், அந்தச் சாவு வீணாகவில்லை. கூலிகளின் கோபம் அடுத்த சில வருடங்களில் அரசியலானது. 1947-ல் புதிய அரசியல் சட்டம் வந்தது. தீவில் பேசுகிற ஏதாவதொரு மொழியில் எளிய வாக்கியங்களைப் படிக்க, எழுதத் தெரிந்தால் ஓட்டு உண்டு. தமிழும் அதில் சேர்த்தி. பன்னிரண்டாயிரம் பேருக்கு மட்டும் இருந்த ஓட்டு, 1948 தேர்தலில் எழுபதாயிரம் பேருக்கு மேல் கிடைத்தது. கரும்பு வெட்டிய கைகள் ராத்திரியில் அரிக்கேன் விளக்கு வெளிச்சத்தில் எழுத்துக் கூட்டிப் படித்தன என்றால், அது வெறும் படிப்பு ஆசையால் மட்டும் இல்லை.

1968 மார்ச் 12-ல் சுதந்திரம். பின்னாளில் ஒரு பெரிய ஸ்டேடியம் கட்டி, 1991-ல் திறந்தார்கள், அஞ்சலை உயிரைவிட்ட அதே பெல் வ்யூ வட்டாரத்தில். பெயர் என்ன வைப்பது என்று யோசித்தபோது அவர்களுக்கு மந்திரியின் பெயர் தோன்றவில்லை. அஞ்சலையின் பெயர் தோன்றியது. இதற்காகவே அந்தத் தேசத்துக்கு ஒரு சல்யூட் வைக்கலாம்.

கதை இங்கேயே முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். முடியவில்லை.

மொரீஷியஸ்காரர்களுக்குக் கால்பந்து என்றால் பைத்தியம். ஞாயிற்றுக்கிழமை மேட்ச் என்றால் ஊரே காலி. ஆனால், அந்தப் பைத்தியத்துக்கு ஒரு விசேஷம் உண்டு. கிளப்புகளின் பெயர்களைக் கேளுங்கள்: ஹிந்து கேடட்ஸ். முஸ்லிம் ஸ்கவுட்ஸ். தமிழ் கேடட்ஸ். வெள்ளைக்கார முதலாளி வர்க்கத்துக்கு டோடோ கிளப். ஆப்பிரிக்க வம்சாவளி கிரியோல் ஜனங்கள் கொண்டாடியது ஃபயர் பிரிகேட். ஆட்டக்காரர்கள் மாறுவார்கள், சிலசமயம் ஒரு சமூகத்துப் பையன் இன்னொரு சமூகத்து கிளப்புக்கு ஆடுவதும் உண்டு. ஆனால், காலரியில் உட்கார்ந்திருந்த கூட்டம் மாறாது. இவர் இந்த மதம், அதனால் இந்த டீம். அவ்வளவுதான்.

(ஹிந்து வேறு, தமிழ் வேறா என்று கேட்காதீர்கள். மொரீஷியஸில் 'ஹிந்து' என்றால் பெரும்பாலும் பீகார் வழி வந்த போஜ்புரிக்காரர்கள். தமிழர்கள், தெலுங்கர்கள், மராட்டியர்கள் தங்களைத் தனியாகவே எண்ணிக்கொள்கிறார்கள்.)

சுதந்திரத்துக்கு இரண்டு மாதம் முன்பு, 1968 ஜனவரியில், போர்ட் லூயியில் முஸ்லிம்களுக்கும் கிரியோல்களுக்கும் நடுவே பெரிய கலவரம். பிரிட்டிஷ் துருப்புகளை வரவழைத்துத்தான் அடக்க முடிந்தது. அதற்கப்புறம் ஸ்கவுட்ஸும் ஃபயர் பிரிகேடும் மோதுகிற மேட்ச் எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். தொண்ணூறு நிமிஷமும் வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும்.

இந்த உடைந்த கண்ணாடித் துண்டுகளையெல்லாம் ஒட்டிவைத்து முகம் பார்க்கிற ஒரே இடம், தேசிய அணி. வாராவாரம் ஒருவனை ஒருவன் முறைத்துக்கொண்டவர்கள், நாட்டுக்கு என்று வந்தால் ஒரே சட்டை போட்டார்கள். சுதந்திரம் வாங்கி ஆறே வருடத்தில், 1974-ல், தகுதிச் சுற்றுகளைத் தாண்டி ஆப்பிரிக்கக் கோப்பைக்குள் நுழைந்தார்கள். போட்டி எகிப்தில். அவர்கள் பிரிவில் இருந்தவர்கள் காங்கோ, கினி, ஜயர். எல்லாரும் மலைகள். காங்கோவிடம் 2-0. கினியிடம் 2-1. ஜயரிடம் 4-1. மூன்றிலும் தோல்வி.

'தூத்தேறி, இதைச் சொல்லவா இத்தனை பில்டப்?' என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். அந்த ஜயர்தான் அந்த வருடம் ஆப்பிரிக்கக் கோப்பையை ஜெயித்தது. அதே வருடம் உலகக் கோப்பைக்கும் போனது. சஹாராவுக்குத் தெற்கேயிருந்து உலகக் கோப்பைக்குப் போன முதல் நாடு அதுதான். அப்பேர்ப்பட்ட அணிக்கு எதிராக, பத்து லட்சம் பேர்கூட இல்லாத ஒரு தீவு ஒரு கோல் போட்டிருக்கிறது. அதற்கப்புறம் இன்றுவரை மொரீஷியஸ் ஆப்பிரிக்கக் கோப்பையின் இறுதிச் சுற்றுகளை எட்டிப் பார்த்ததில்லை. அதனால் அந்த மூன்று தோல்விகள்தான் அவர்கள் சரித்திரத்தின் சிகரம். 1985-ல் இந்தியப் பெருங்கடல் தீவு நாடுகளின் விளையாட்டுப் போட்டியை நடத்தி, சொந்த மண்ணில் தங்கம் வாங்கினார்கள். 2003-ல் மறுபடி.

நடுவில் எண்பதுகளில் அரசாங்கம் ஒரு காரியம் செய்தது. கிளப் பெயரில் மதமும் இனமும் கூடாது என்றது. முஸ்லிம் ஸ்கவுட்ஸ் வெறும் ஸ்கவுட்ஸ் ஆனது. ஹிந்து கேடட்ஸ் வெறும் கேடட்ஸ். போர்டை மாற்றினார்கள். உள்ளே இருந்தவர்கள் மாறவில்லை. தெருப் பெயர்ப் பலகையில் சாதிப் பெயரை அழித்துவிட்டு, சாதி போய்விட்டது என்று நாமே நம்பவில்லையே, அதேபோலத்தான்.

அந்தத் தீவில் யார் முன்னால், யார் பின்னால் என்பது எவ்வளவு நுணுக்கமான விஷயம் என்பதற்கு ஓர் உதாரணம். மொரீஷியஸ் ரூபாய் நோட்டில் தமிழ் உண்டு, தெரியுமா? எழுத்தும் உண்டு, தமிழ் எண்ணும் உண்டு. நூறு ரூபாய் நோட்டில் இருப்பவரே ரெங்கநாதன் சீனிவாசன் என்ற தமிழ் வம்சாவளித் தலைவர். நோட்டில் ஆங்கிலத்துக்கு அடுத்து தமிழ், அதற்கப்புறம் ஹிந்தி. இது பல காலத்து வரிசை. 1998-ல் அச்சடித்த புது நோட்டில் ஹிந்தி மேலே ஏறி, தமிழ் கீழே இறங்கியது. ஜனத்தொகையில் நூற்றுக்கு ஐந்தாறு பேர்தான் தமிழர்கள். ஆனால், கிளம்பிய எதிர்ப்பில் அரசாங்கம் ஆடிப்போனது. நோட்டுகளை வாபஸ் வாங்கிப் பழைய வரிசையிலேயே மறுபடி அச்சடித்தார்கள். மத்திய வங்கி கவர்னரின் பதவியும் போனது. ஒரு வரி மேலே, ஒரு வரி கீழே. அதற்கே இந்தப் பாடு.

அடுத்த வருடம் 1999. பிப்ரவரியில் காயா என்ற பிரபல கிரியோல் பாடகர் போலீஸ் காவலில் இறந்துபோனார். தீவு சில நாட்கள் எரிந்தது. அந்தச் சூடு அடங்கி மூன்று மாதம்கூட ஆகவில்லை. லீக் சாம்பியன் யார் என்று தீர்மானிக்கிற மேட்ச் வந்தது. மே 23, ஞாயிற்றுக்கிழமை. ஸ்கவுட்ஸ் எதிர் ஃபயர் பிரிகேட்.

இடம்? அஞ்சலை ஸ்டேடியம்.

ஃபயர் பிரிகேட் ஜெயித்தது. சாம்பியன் பட்டமும் அவர்களுக்கே. ரெஃப்ரி ஒருதலைப்பட்சமாக நடந்துகொண்டார் என்று தோற்ற பக்கத்து ரசிகர்களுக்கு ஆத்திரம். மைதானத்தில் ஆரம்பித்த கலாட்டா தெருவுக்கு வந்தது. தெருவிலிருந்து தலைநகருக்குப் பயணமானது. அன்று சாயங்காலம், போர்ட் லூயியில் 'லமிகால்' என்ற சூதாட்ட விடுதியின் மீது தீக்குண்டுகள் விழுந்தன. உள்ளே இருந்தவர்களுக்குக் கால்பந்தோடு எந்தச் சம்பந்தமும் இல்லை. ஏழு பேர் கருகிச் செத்தார்கள். அவர்களில் இரண்டு பேர் குழந்தைகள். ஒரு பெண் கர்ப்பிணி.

கொஞ்சம் நிதானித்து யோசித்துப் பாருங்கள். 1943-ல் போலீஸ் சுட்டுக் கொன்ற ஒரு கர்ப்பிணியின் நினைவாக ஒரு மைதானம். அந்த மைதானத்திலிருந்து கிளம்பிய ஆத்திரத்தில் 1999-ல் இன்னொரு கர்ப்பிணி சாகிறாள். முதலாவது சாவுக்குக் காரணம் முதலாளியும் சர்க்காரும் என்று கைகாட்ட முடிந்தது. இரண்டாவது சாவுக்கு? அதே கூலிகளின், அதே அடிமைகளின் பேரன் பேத்திகளே ஒருவரையொருவர் கொளுத்திக்கொண்டார்கள். எவனுடைய கரும்பை வெட்ட இவர்களின் பாட்டன்மார் கடல் தாண்டி வந்தார்களோ, அவன் இந்தச் சண்டையில் எங்கேயும் இல்லை. இதைவிடக் கசப்பான ஒன்றை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

அரசாங்கம் இந்த முறை போர்டோடு நிறுத்திக்கொள்ளவில்லை. லீக்கையே நிறுத்தியது. இனிமேல் சமூக கிளப்புகள் கிடையாது, எல்லாம் ஊர் கிளப்புகள்தான் என்றது. 2000-த்தில் புது அணிகள் முளைத்தன. தலைநகருக்கு 'ஏ.எஸ். போர்ட் லூயி 2000'. கியூர்பிப்புக்கு ஒன்று, சவானுக்கு ஒன்று, பாம்ப்லமூஸுக்கு ஒன்று. மயிலாப்பூருக்கு ஒரு டீம், தி.நகருக்கு ஒரு டீம், அடையாறுக்கு ஒரு டீம் என்று பிரித்துக்கொடுத்த மாதிரி. எந்த மதத்துக்காரனும் தன் ஊர் டீமுக்குக் கைதட்டலாம். எவ்வளவு அழகான யோசனை!

ஆனால், கைதட்ட ஆள் வரவில்லை.

பல்லாயிரம் பேர் முண்டியடித்த மைதானங்களில் சில நூறு பேர் உட்கார்ந்தார்கள். மற்றவர்கள் வீட்டில் டி.வி-க்கு முன்னால் சாய்ந்துகொண்டு மான்செஸ்டர் யுனைட்டெட்டுக்கும் லிவர்பூலுக்கும் தொண்டை கிழியக் கத்தினார்கள். தமிழனும் கிரியோலும் முஸ்லிமும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, எங்கோ ஆறாயிரம் மைல் தாண்டி இருக்கிற ஓர் ஊருக்காகச் சண்டை போட்டுக்கொள்வதில் ஆபத்து இல்லை பாருங்கள்! வன்முறை நின்றது, உண்மை. கூடவே உள்ளூர்க் கால்பந்தும் மூச்சுவாங்க ஆரம்பித்தது. உள்ளூர் லீக் சோர்ந்தால் தேசிய அணிக்கு ஆள் எங்கிருந்து வரும்? மொரீஷியஸ் குடும்பத்தில் பிறந்த ஆகச்சிறந்த கால்பந்து வீரர் விகாஷ் தொராசு. தெலுங்கு வேர் உள்ள இந்திய வம்சாவளி. அவர் பிறந்தது பிரான்ஸில், ஆடியதும் பிரான்ஸுக்குத்தான். 2006 உலகக் கோப்பையில் பிரான்ஸ் அணியில் இருந்தார்.

இப்போது நீங்கள் கேட்கலாம். 'அப்படியானால் மதம், சாதி என்று வெறியேற்றினால்தான் விளையாட்டு பிழைக்குமா? அது இல்லாவிட்டால் செத்துவிடுமா?'

நியாயமான கேள்வி. பதில் நம் ஊரிலேயே இருக்கிறது.

பம்பாயில் பென்டாங்குலர் என்றொரு கிரிக்கெட் போட்டி நடந்துகொண்டிருந்தது. ஐந்து அணிகள்: ஹிந்துக்கள், முஸ்லிம்கள், பார்சிகள், ஐரோப்பியர்கள், மீதிப்பேர். ஆமாம், கிறிஸ்தவர்கள் உட்பட மிச்சம் உள்ள எல்லாரையும் சேர்த்து அணியின் பெயரே 'தி ரெஸ்ட்', மீதிப்பேர்! நம் சென்னையிலும் பொங்கல் சமயத்தில் சேப்பாக்கத்தில் இந்தியர்களும் ஐரோப்பியர்களும் மோதுகிற பிரஸிடென்ஸி மேட்ச் ரொம்பப் பிரபலம். பென்டாங்குலருக்குக் கூடிய கூட்டம் கொஞ்சநஞ்சமில்லை. 1940-ல் காந்தி அதை எதிர்த்துக் குரல் கொடுத்தார். விளையாட்டிலும் மதப் பிரிவினையா என்று வருத்தப்பட்டார். வாதப் பிரதிவாதங்களுக்கு அப்புறம் 1946-ல் அது ஒரேயடியாக நின்றது. அப்போதும், 'போச்சு, இனி கிரிக்கெட் பார்க்க யார் வருவார்கள்?' என்றார்கள். என்ன ஆனது என்று உங்களுக்கே தெரியும்.

இங்கே ஏன் பிழைத்தது, அங்கே ஏன் படுத்தது?

எனக்குத் தோன்றுகிற காரணம் இது. பென்டாங்குலர் போனபோது, அந்த இடத்தில் உட்கார ரஞ்சிக் கோப்பை தயாராக இருந்தது. 1934 நவம்பர் 4-ம் தேதி, நம் சேப்பாக்கத்தில்தான் அதன் முதல் மேட்ச். சென்னை எதிர் மைசூர். ஒரே நாளில் முடித்துக் கட்டினார்கள் நம் ஆட்கள். பென்டாங்குலரை மூடும்போது ரஞ்சிக்குப் பன்னிரண்டு வயது. 'நான் மெட்ராஸ்', 'நான் பாம்பே' என்ற ஊர்ப் பாசம் ஏற்கெனவே வேர் விட்டிருந்தது. மத அடையாளத்தைப் பிடுங்கியபோது கையில் பிடித்துக்கொள்ள வேறொன்று இருந்தது. மொரீஷியஸில் அப்படி இல்லை. ஒரு தீ விபத்துக்கு மறுநாள் பழையதை இடித்தார்கள், அதற்கப்புறம்தான் புதியதை யோசித்தார்கள். கூடவே, அது 1946 இல்லை. ரிமோட்டை அமுக்கினால் வீட்டுக் கூடத்திலேயே உலகத்தின் தலைசிறந்த கால்பந்து. புது டீம் வேர்விடுகிறவரை காத்திருக்க யாருக்குப் பொறுமை?

இதற்காக, பழைய கிளப்புகளையே விட்டுவைத்திருக்கலாம் என்று சொல்கிறேனா? கிடையவே கிடையாது. காலியான மைதானத்தில் புல் முளைக்கலாம். எரிந்துபோன ஏழு பேர் திரும்ப வரமாட்டார்கள். அந்த லீக்கை மூடியது சரிதான். மூடுவதற்கு முப்பது வருடம் முன்பே, 1968 கலவரத்தின் மறுநாளே, ஊர் அணிகளை ஆரம்பித்திருந்தால் அவைகளுக்கும் ரஞ்சி மாதிரி வயசாகியிருக்கும். தேசிய அணியை எல்லோருக்கும் பொதுவாக்கினார்கள், ஞாயிற்றுக்கிழமையைப் பொதுவாக்க மறந்துவிட்டார்கள். வருஷத்துக்கு நாலு நாள் ஒரே கொடியின் கீழ் நின்றுவிட்டு, மீதி ஐம்பது வாரமும் தனித்தனி கொடி பிடித்தால் எந்தத் தேசம் தாங்கும்?

கடைசியாக ஒரு ஸ்கோர். 2017-ல் மும்பையில் மொரீஷியஸும் இந்தியாவும் மோதின. இந்தியா 2-1 என்று ஜெயித்தது. 2024 செப்டம்பர் 3-ம் தேதி ஹைதராபாத்தில் மறுபடி. அன்றைக்கு ஃபிஃபா தரவரிசையில் இந்தியா 124, மொரீஷியஸ் 179. நூற்று நாற்பது கோடி ஜனங்களின் அணிக்கு எதிராகப் பன்னிரண்டரை லட்சம் பேரின் அணி. தொண்ணூறு நிமிஷம் முடிந்தபோது ஸ்கோர் 0-0.

அந்தப் பதினோரு பேரின் பாட்டன்களில் எத்தனை பேர் சென்னைக் கரையில் கப்பலேறியவர்களோ, எத்தனை பேர் மொசாம்பிக்கில் சங்கிலியோடு ஏற்றப்பட்டவர்களோ, தெரியாது. பதினோரு பேரும் சேர்ந்து நின்று ஒரு கோல்கூட விடவில்லை. அஞ்சலை ஸ்டேடியத்தில் இந்த ஆட்டத்தைப் பார்க்கக் கூட்டம் திரும்பி வருகிற நாளில்தான், அந்தப் பெயருக்கு அவர்கள் முழு மரியாதை செய்தவர்களாவார்கள்.

அதுவரை, அடுத்த தடவை அடையாறு பாலத்தில் டிராஃபிக்கில் மாட்டிக்கொண்டால், கடல் பக்கம் கொஞ்சம் திரும்பிப் பாருங்கள். அந்தத் தண்ணீர் வழியாகத்தான் ஒரு தீவு நம்மைப் பிடிக்க வந்தது. பிறகு நம்மவர்களையே பிடித்துக்கொண்டு போனது.